எண்ட்கிளிஃப் பூங்காவில் ஒரு கோப்புக்காரர்: இப்படி யாரையாவது நீங்கள் சந்தித்ததுண்டா?

ஷெஃபீல்ட்காரி:

சில ஆண்டுகளுக்கு முன்பு, அப்போது ஒன்பது வயதாக இருந்த மகனுக்குப் பள்ளியில் வீட்டுப்பாடம். வீட்டுக்கு அருகில் உள்ள ஒரு நினைவுச் சின்னத்தைப் பார்த்து அரைப் பக்கம் எழுதி வர வேண்டும். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் எங்களுக்கு நடக்கும் தூரத்தில் எண்ட்கிளிஃப் பூங்கா இருக்கிறது. சிற்றுண்டிக் கடைக்குப் பின்னால் போர்ட்டர் ஓடையைத் தாண்டினால் மரங்கள் அடர்ந்த சரிவு ஒன்று மேலேறும். அதன் அடிவாரத்தில், இரண்டாம் உலகப் போரில் அங்கே விழுந்த விமானம் ஒன்றின் நினைவாக ஒரு பெரிய கல். அந்த வழியாக நூறு முறையாவது போயிருப்பேன். ஒரு முறைகூட நின்று படித்ததில்லை.

அன்று தூறல். கல்லருகே பெஞ்சில், மடியில் நெகிழித் தாள் விரித்து, அதன் மேல் தடித்த கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு முதியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தெர்மாஸ் குடுவை. மகன் பலகையைப் படித்துவிட்டு, "பத்துப் பேர் இறந்தார்கள் என்று போட்டிருக்கிறது. யார் அந்தப் பத்துப் பேர்?" என்று என்னைக் கேட்டான். நான் விழித்தேன். பெஞ்சிலிருந்து பதில் வந்தது. "உட்கார். எல்லாரையும் அறிமுகப்படுத்துகிறேன்."

கோப்பிலிருந்து பத்து அட்டைகளை எடுத்தார். நூலகங்களில் முன்பு இழுப்பறைகளில் இருக்குமே, அந்த மாதிரி அட்டைகள். ஒருவருக்கு ஒன்று. மேலே பெயர், பதவி, விமானத்தில் உட்கார்ந்திருந்த இடம். கீழே பொடிப்பொடியாகக் குறிப்புகள். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் சிவப்பு மையில் ஓர் எண். அந்தத் தகவல் எந்தத் தாளிலிருந்து கிடைத்தது என்பதற்கான எண் அது. எண் இல்லாத வரி ஒன்றுகூட இல்லை. சில அட்டைகள் இருபுறமும் நிரம்பியிருந்தன. இரண்டு அட்டைகள் மட்டும் ஏறக்குறைய வெறுமையாக இருந்தன.

ஓய்வு பெறும்வரை எஃகு ஆலை ஒன்றில் கணக்கெழுதியவராம். அதைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது.

அவரிடமிருந்து கேட்டதைச் சொல்கிறேன். 1944 பிப்ரவரி 22. ஜெர்மனியின் விமானப் படையை ஒடுக்க அமெரிக்கர்கள் ஒரு வாரம் இடைவிடாமல் குண்டுவீச்சு நடத்திக்கொண்டிருந்த நேரம். 'மி அமீகோ' என்று பெயரிடப்பட்ட பி-17 ரக அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் நார்தாம்ப்டன்ஷயரில் உள்ள செல்வெஸ்டன் தளத்திலிருந்து கிளம்பியது. ஸ்பானிய மொழியில் 'என் நண்பன்' என்று பொருள். டென்மார்க்கில் ஆல்போர்க் விமானத் தளத்தைத் தாக்குவது திட்டம். போன இடத்தில் மேகம் மூடியிருந்ததால் திரும்ப வேண்டியதாயிற்று. வழியில் ஜெர்மன் போர் விமானங்கள் துரத்திச் சுட்டன. அடிபட்ட விமானம் கடலைக் கடந்து இங்கிலாந்துக்குள் வந்துவிட்டது. ஆனால் சேர வேண்டிய தளத்துக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, ஷெஃபீல்டின் வீடுகளுக்கு மேலே வந்து நின்றது. மாலை வேளை. இந்தச் சரிவில் விழுந்து எரிந்தது. ஒருவரும் பிழைக்கவில்லை. விமானி ஜான் கிரீக்ஸ்ஹவுசருக்கு 23 வயது.

"உனக்கு அண்ணன் இருக்கிறானா?" என்று மகனிடம் கேட்டார். பெரியப்பா மகன் இருக்கிறான், கல்லூரியில் படிக்கிறான் என்றான். "அவன் வயதுதான்" என்றார்.

நான் வாய் சும்மா இல்லாமல், "குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்ததைப் பார்த்து, அவர்கள் மேல் விழாமல் விமானத்தைச் சரிவுக்குத் திருப்பினாராமே" என்றேன். பூங்காவில் எல்லாரும் சொல்லும் கதை அதுதான். அவர் தெர்மாஸ் மூடியைத் திருகிக்கொண்டே கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "பத்துப் பேரும் இறந்துவிட்டார்கள். கடைசி நிமிடத்தில் அந்த இளைஞன் என்ன நினைத்தான் என்று யாரிடம் போய்க் கேட்பது? என் அட்டையில் அதற்கு எண் இல்லை" என்றார். குரலில் ஏளனம் இல்லை. ஒரு ரசீது குறைகிறது என்று சொல்லும் கணக்கரின் குரல்.

அந்தக் கதையின் மறுபக்கம் டோனி ஃபோல்ட்ஸ். இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். எட்டு வயதுச் சிறுவனாகப் புல்வெளியில் நின்றபோது அந்த விமானத்தைப் பார்த்தவர். விமானி கையசைத்தார், வணக்கம் சொல்கிறார் என்று நினைத்துத் தானும் கையசைத்ததாகவும், விலகிப் போங்கள் என்றுதான் அந்தக் கை சொன்னது என்பது பிற்காலத்தில்தான் புரிந்ததாகவும் சொல்லி வந்தவர். தங்களால்தான் அந்தப் பத்துப் பேர் இறந்தார்கள் என்ற குற்ற உணர்வு அவரை விடவே இல்லை. கல்லைத் துடைப்பதும் பூ வைப்பதும் இலைகளைக் கூட்டுவதும் அவருக்கு வாழ்நாள் வேலையாகிவிட்டது. 2019 ஜனவரியில், அப்போது பிபிசி காலை நிகழ்ச்சித் தொகுப்பாளராக இருந்த டான் வாக்கர் பூங்காவில் உலவப் போனபோது தற்செயலாக அவரைச் சந்தித்தார். எழுபத்தைந்தாம் ஆண்டு நாளில் ஒரு விமானமாவது இந்த வழியாகப் பறக்க வேண்டும் என்பது டோனியின் ஆசை. ஏழே வாரங்களில் அது நடந்துவிட்டது.

பிப்ரவரி 22 காலை, ஒன்பது மணிக்குச் சற்று முன்பு. நானும் மகனும் போயிருந்தோம். அவ்வளவு கூட்டத்தை அந்தப் பூங்கா கண்டிருக்காது. அமெரிக்காவின் எஃப்-15, பிரிட்டனின் டைஃபூன், போர்க்காலத்து டகோட்டா ஒன்று என வரிசையாகத் தலைக்கு மேல் போயின. எல்லாரும் கைப்பேசியை உயர்த்தியபடி நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கோப்புக்காரர் கூட்டத்தின் கடைசியில், ஒரு மரத்தடியில், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வானத்தைப் பார்க்கவில்லை. சரிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் இருக்கிறது. பிறகு எழுதுகிறேன். அதற்குள் உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

ஆவணப்பித்தன்:

அக்கா, கோப்புக்காரர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம். ஒரு முதியவர் அறுபது எழுபது ஆண்டுகள் சுமந்த நினைவுக்கு முன்னால் "என்னிடம் எண் இல்லை" என்று சொல்ல ஒரு கல்நெஞ்சம் வேண்டாமா? எட்டு வயதில் கண்ணால் கண்டவர் டோனி. இவர் காகிதத்தில் கண்டவர்.

ஷெஃபீல்ட்காரி:

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. டோனியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "அவர் கல்லைத் துடைக்கிறார், நான் தாளைத் துடைக்கிறேன்" என்று ஒரு முறை சொன்னார்.

காகிதம் என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரை ஒட்டி இருந்த படைவீரர் ஆவணக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் சாம்பலாகின. 1912 முதல் 1960 வரை தரைப்படையிலிருந்து வெளியேறியவர்களின் பதிவுகளில் ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. போர்க்காலத்தில் அமெரிக்க விமானப் படையும் தரைப்படைக்குள்தான் இருந்தது. கிரீக்ஸ்ஹவுசரின் சொந்த ஊரும் அதே செயின்ட் லூயிஸ்தான். அதைச் சொல்லும்போது மட்டும் கோப்புக்காரருக்குக் குரல் கம்மியது. தீயில் சிக்காமல் வேறு இடத்தில் இருந்தவை, இறந்த வீரர்களுக்கென்று ஒவ்வொருவர் பேரிலும் வைத்திருந்த தனிக் கோப்புகள். எங்கே புதைத்தார்கள், தாயார் என்ன எழுதிக் கேட்டார், பெட்டியில் என்னென்ன இருந்தன என்று கைக்குட்டை, பேனா, சில்லறைவரை எண்ணி எழுதும் பட்டியல்கள் அவற்றில் உண்டு. அவற்றுக்கு விண்ணப்பம் போட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து, வந்த நகல்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்து நிரப்பியவை அந்த அட்டைகள். கல்நெஞ்சக்காரர் செய்கிற வேலையா இது?

ஆல்மேர் பொறியாளர்:

நெதர்லாந்தில் பதினைந்து ஆண்டுகளாக இருக்கிறேன். நான் குடியிருக்கும் ஊரே போர்க்காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது. ஃபிளேவோலாந்து மாகாணம் ஏறக்குறைய முழுவதும் கடலிடமிருந்து பிடுங்கிய நிலம். கிழக்குப் பகுதி 1957இலும் தெற்குப் பகுதி 1968இலும் வற்றியது. பெர்லினுக்கும் ரூர் பள்ளத்தாக்குக்கும் குண்டுவீசப் போன விமானங்களுக்கு இதுதான் பாதை. விழுந்தவை ஏரியில் விழுந்தன. பிற்பாடு ஏரி வயலானது. ஏர் ஓட்டும்போது இறக்கைத் துண்டு இடறும் ஊர் இது. டிரொன்டனில் ஊர் நடுவே லங்காஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானம் ஒன்றின் உந்துசுழலியை நினைவுச் சின்னமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மே 4 இரவு எட்டு மணிக்கு நாடே இரண்டு நிமிடம் அசையாமல் நிற்கும்போது அதன் முன்னால் நின்று பாருங்கள்.

நான் சந்தித்தவர் விவசாயி. கோடையில் சைக்கிளில் போகும்போது அவருடைய கொட்டகையில் முட்டை வாங்குவேன். முட்டைத் தட்டுகளுக்கு மேலே ஒரு பலகையில் வரிசையாக ஆணி, திருகாணி, வளைந்த அலுமினியத் தகடுகள். ஒவ்வொன்றிலும் நூலில் கட்டிய சீட்டு: எந்த வயல், எந்தத் தேதி, எவ்வளவு ஆழம். ஒரு நாள் தகடு ஒன்றை என் கையில் கொடுத்தார். நகம் அளவு பச்சை வண்ணம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "இதை விற்கச் சொல்லி ஆட்கள் வருகிறார்கள். இது என்னுடையதாக இருந்தால்தானே விற்பதற்கு?" என்றார்.

அவரைப் போன்றவர்களின் பிடிவாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மார்க்கர்மேர் ஏரியில் எடுத்த ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானமே சான்று. 2008இல் மீட்புப் படகு ஒன்றின் நங்கூரத்தில் சக்கரத் தாங்கியின் ஒரு பகுதி மாட்டி மேலே வந்தது. முதலில் அதை பி.கே. 710 என்ற எண்ணுள்ள விமானம் என்றே கருதினார்கள். அடியிலிருந்து ஒரு சிகரெட் பெட்டி கிடைத்தது. அதில் பொறித்திருந்த முதலெழுத்துகள் அந்த விமானத்தில் போன யாருக்கும் பொருந்தவில்லை. பி.கே. 716இல் போன ஜான் மைக்கேல் கேம்ப்பெலுக்குப் பொருந்தின. கடைசி இலக்கம் ஒன்றுதான் வேறுபாடு. ஆனால் அந்த ஓர் இலக்கத்துக்குப் பின்னால் ஏழு வீடுகள் இருக்கின்றன. ஷெஃபீல்ட்காரியின் கோப்புக்காரர் சிவப்பு மை எண்ணை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது.

பி.கே. 716, நார்ஃபோக்கில் உள்ள டௌன்ஹம் மார்க்கெட் தளத்திலிருந்து 1943 மார்ச் இறுதியில் பெர்லினுக்குப் போய்த் திரும்பும் வழியில் ஏழு பேரோடு காணாமல் போனது. யோஹான் கிராஸ் போன்ற தன்னார்வலர்கள் அதை வெளியே எடுக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 2020இல் அரசே எடுத்தது. ஏரிச் சேற்றை வாளி வாளியாக அள்ளிச் சலித்தார்கள். சேற்றைச் சலிப்பது என்றால் என்ன என்று பொறியாளன் என்ற முறையில் சொல்கிறேன்: முழு விமானம் என்று எதுவும் கிடையாது, எல்லாம் துண்டுகள். பல்லும் எலும்பும் உலோகமும் ஒரே நிறத்தில் இருக்கும். அந்த ஏழு பேருக்கு எங்கள் ஊரில் இப்போது நினைவிடம் இருக்கிறது.

முட்டைக்காரரிடம் அதைப் பற்றிப் பேசினேன். மகிழ்ச்சியா என்று கேட்டேன். "இன்னும் என் வயலுக்கு வரவில்லையே" என்றார்.

திருகோணமலையான்:

இங்கு யாரும் எங்கள் பக்கத்தைச் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கியது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். என் பாட்டி, சனம் காட்டுப் பக்கம் ஓடியதைச் சொல்லும்போது, அடுப்பில் வைத்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு ஓடியதைத்தான் ஒவ்வொரு முறையும் சொல்வார். குண்டு எங்கே விழுந்தது என்பதைவிட அந்தச் சோறு அவருக்குப் பெரிய இழப்பு.

தெரியாத செய்தி ஒன்று உண்டு. அன்று காலை கொழும்பிலிருந்து பிரிட்டிஷ் விமானப் படையின் பதினோராவது படையணியைச் சேர்ந்த ஒன்பது பிளென்ஹீம் குண்டுவீச்சு விமானங்கள் அந்த ஜப்பானியக் கப்பற்படையைத் தேடிப் போய்த் தாக்கின. ஒரு விமானத்தில் மூன்று பேர். குண்டுகள் 'அகாகி' கப்பலின் அருகே விழுந்தன, கப்பல் மேல் விழவில்லை. ஒன்பதில் ஐந்து திரும்பி வரவில்லை. கடலில் போனவர்களுக்குக் கல்லறை ஏது? இந்தப் போர்முனையில் உடல் கிடைக்காமல் போன விமானப் படையினரின் பெயர்களைச் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச் சுவரில் வெட்டியிருக்கிறார்கள். தரைப்படையினரையும் சேர்த்து இருபத்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள்.

நான் சந்தித்தவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், எங்கள் ஊர்க்காரர். மகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போனபோது, ஒரு குறிப்பேட்டில் பெயர்களை எழுதிக்கொண்டு போய், அந்தச் சுவரில் விரலால் தொட்டுத் தொட்டுத் தேடியிருக்கிறார். முதல் நாள் நான்கு பெயர்களைத்தான் கண்டுபிடிக்க முடிந்ததாம். வெயில் தாங்கவில்லை. மகள், "அப்பா, இவர்கள் உங்களுக்கு யார்?" என்று கேட்டாளாம். ஆசிரியர் என்ன பதில் சொன்னார் என்று நான் கேட்டேன். "ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் குடையோடு போனேன்" என்றார்.

ஆவணப்பித்தன்:

சரி, கோபத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அக்கா, பாக்கிக் கதையைச் சொல்லுங்கள். அந்த இரண்டு வெற்று அட்டைகள் என்ன ஆயின?

ஷெஃபீல்ட்காரி:

நிரம்பவில்லை. ஒன்றில் மூன்று வரி கூடியிருக்கிறது. மற்றொன்று அப்படியே இருக்கிறது. விழுந்த நாளை ஒட்டிய ஞாயிற்றுக்கிழமையில் ஆண்டுதோறும் கல் முன்னால் வழிபாடு நடக்கும். கொடிகளும் மலர்வளையங்களுமாக முன்னாள் படைவீரர்கள் வருவார்கள். ஒவ்வோர் ஆண்டும் கோப்புக்காரரிடம் போய்க் கேட்பேன். உதட்டைப் பிதுக்குவார்.

மகனின் வீட்டுப்பாடத்துக்கு வருகிறேன். அரைப் பக்கம் எழுதச் சொன்னார்கள், அவன் நான்கு பக்கம் எழுதினான். கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர்களையும் தமிழில் எழுத வேண்டும் என்றான். வீட்டில் நான் தமிழ் சொல்லிக்கொடுப்பதைக் காட்டிக்கொள்ள ஆசை. இரண்டு பேரும் அடுக்களை மேசையில் உட்கார்ந்து எழுதினோம்:

ஜான் கிரீக்ஸ்ஹவுசர்
லைல் கர்ட்டிஸ்
ஜான் ஹம்ஃப்ரி
மெல்ச்சோர் ஹெர்னாண்டஸ்
ராபர்ட் மேஃபீல்ட்
ஹாரி எஸ்டபுரூக்ஸ்
சார்லஸ் டட்டில்
மாரிஸ் ராபின்ஸ்
வீட்டோ அம்புரோசியோ
ஜார்ஜ் வில்லியம்ஸ்

அடுத்த சனிக்கிழமை அந்தத் தாளைக் கோப்புக்காரருக்குக் கொடுத்தோம். மகிழ்ந்துபோவார், மகன் தலையைத் தடவுவார் என்று எதிர்பார்த்தேன். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தாளைக் கண்ணருகே கொண்டுபோய், நான்காவது வரியைக் காட்டினார். இந்த எழுத்து என்ன ஒலி என்று கேட்டார். 'ஹ' என்றேன். "ஸ்பானிய வழிப் பெயர். ஸ்பானிய மொழியில் அந்த எழுத்துக்கு ஒலி கிடையாது. அவருடைய வீட்டில் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? 'எர்னாண்டஸ்' என்றா, அமெரிக்கர்கள் சொல்வது மாதிரியா?" என்றார். எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தக் கேள்வியே எழாதாம். தமிழில் எழுதியதால்தான் அவருடைய கோப்பில் இப்படி ஓர் ஓட்டை இருப்பது தெரிந்ததாம். அதற்குத்தான் மகிழ்ந்தார். பென்சிலால் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் சிறியதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

பிறகு தாளைத் திருப்பி மகனிடம் பேனாவை நீட்டினார். தேதி, பெயர், யார் சொல்லி எழுதினாய் என்பது. மகன் தேதி போட்டான், தன் பெயரை எழுதினான், அதன் கீழே 'அம்மா' என்று எழுதினான். அவர் சிவப்பு மைப் பேனாவை எடுத்து மூலையில் 214 என்று எழுதி, துளையிட்டு, கோப்பில் சேர்த்துவிட்டார்.